சத்தமில்லாத டப்பா

எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் மையத்தில் வசுமதி பதினொரு வருடமாக ஆலோசகர். முதல்முறை மாத்திரை டப்பா வாங்குகிறவர்களிடம் தவறாமல் ஒன்று சொல்வாள்: "உள்ள கொஞ்சம் பஞ்சு வெச்சுக்குங்க. பஸ்ல குலுங்குச்சுன்னா பக்கத்து சீட்டுக்காரன் என்னன்னு கேப்பான்."

ஞாயிற்றுக்கிழமை, துவைக்கப்போட வேண்டிக் கணவன் கருணாகரனின் வெளியூர்ப் பையைக் கவிழ்த்தாள். சட்டைகளோடு லேபிள் கிழித்த வெள்ளை டப்பா ஒன்றும் தரையில் விழுந்தது. உள்ளே எதுவும் உருளவில்லை. எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினாள். கனம் இருந்தது, சத்தம் இல்லை. மூடியை அவள் திறக்கவில்லை.

குளித்துவிட்டு வந்த கருணாகரன் அவள் கையிலிருந்ததைப் பார்த்து அப்படியே நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தான்.

"பஞ்ச மாசாமாசம் மாத்துங்க," என்றாள், மையத்து மேசைக்குப் பின்னாலிருந்து பேசும் அதே குரலில். "ஈரம் புடிச்சா மாத்திரை கெட்டுரும். ஒருநாள்கூட விட்றாதீங்க."

கல்யாணமான ஆண்களிடம் இதற்குப் பிறகு அவள் சொல்வது இன்னொன்று உண்டு. அதையும் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரம்மாவ ஒருநாள் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."