கயிறு யார் கையில்?

உங்கள் கயிற்றை யார் கையில் கொடுப்பீர்கள் என்று கம்ப்யூட்டர் கேட்டது.

லேபில் இருந்த பிள்ளைகள் ஜெபசுதா டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் மேஜை டிராயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அதற்குள் இருந்தது.

வரலாற்றுப் பாடம். பழைய கொற்கைக் கடல் திரையில் அசைந்தது. முத்துக் குளிப்பவன் கல்லில் கால் வைத்து இறங்கக் காத்திருந்தான். அவன் மூச்சு முடியும்போது மேலே இழுக்க ஓர் ஆள் வேண்டும். கூட்டாளியா, கூலியாளா, பெண்டாட்டியின் அண்ணனா? ஒன்றைத் தொட்டால் மட்டும் போதாது. ஏன் என்று எழுதினால்தான் படம் நகரும்.

நன்றாக யோசித்து எழுதச் சொன்னாள். ஊருக்குத்தான் உபதேசம். அவள் மனசு விடியற்காலையிலிருந்து ஓர் இடத்தில் நிற்கவில்லை.

புருஷன் செபாஸ்டின் சங்கு குளிக்கப் போயிருந்தான். இப்போது கல்லும் இல்லை, கயிறும் இல்லை. வள்ளத்தில் கம்ப்ரசர் தடதடவென்று ஓடும். காற்று குழாய் வழியாகக் கீழே போகும். ஆனால் அந்தக் குழாயைப் பிடித்திருக்க இன்றைக்கும் ஓர் ஆள் வேண்டும்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து பிடித்தவன் அவள் அண்ணன் ஜீவமணி. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நான விருந்தில் இரண்டு பேருக்கும் வார்த்தை தடித்துவிட்டது. இனி உன் குழாயைத் தொட மாட்டேன் என்று அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். எனக்கு வேறு ஆள் கிடைக்காதா என்றான் இவன். இன்று அந்த வேறு ஆளைத் தேடித்தான் புறப்பட்டுப் போனான்.

பின்வரிசையில் சிரிப்புச் சத்தம். கூலியாளைத் தொட்ட பையன்களின் திரையில் குமிழிகள் வந்தன. அப்புறம் வரவில்லை.

"நிறுத்துங்கலே!" என்று கத்திவிட்டாள். கத்திய பிறகு வெட்கமாக இருந்தது.

அடுத்த கேள்வி வந்தது. மச்சானோடு சண்டை. இப்போதும் கயிற்றை அவனிடமே கொடுப்பீர்களா?

எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து பாடம் செய்த புண்ணியவான், இவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததுபோலக் கேட்டிருந்தான்.

முக்கால்வாசிப் பேர் மாட்டோம் என்றார்கள். பேச்சிச்செல்வி மட்டும் எழுந்தாள். வயல்காட்டுப் பிள்ளை, தோணியில் ஏறியதே கிடையாது.

"சண்டை மச்சான்கூடத்தான டீச்சர்? அவன் தங்கச்சிகூட இல்லல்லா."

ஜெபசுதா டிராயரைத் திறந்தாள். போனோடு வராந்தாவுக்கு ஓடினாள். அண்ணன் காலில் விழுந்தாவது நாளைக்குப் போகச் சொல்ல வேண்டும்.

அண்ணன் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான். தடதடவென்று ஒரே இரைச்சல். அதற்கு மேலே அண்ணனின் எரிந்து விழும் குரல்.

"ஏளா, கூப்பிடுத நேரமா இது? போன வையி, எனக்கு ரெண்டு கையும் வேணும்."

அவன் வைக்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. சட்டென்று தானே வைத்தாள்.