மூன்று மணிக்குள் ஒரு முகம்

“பாரும்மா, மறுபடியும் அணையுது! பாரு, மறுபடியும் எரியுது! காலையிலேர்ந்து இதே கூத்து!”

தங்கராஜு கைநீட்டிக் காட்டிய கணினித் திரை ஒளிர்ந்தது. புள்ளிகள் வட்டமாகச் சுழன்றன. இருண்டது. யாரும் தொடாமலே மீண்டும் ஒளிர்ந்தது.

கோலசிலாங்கூர்க் கணினிக் கடையிலிருந்து வந்திருந்த பெண் கருவிப் பையைத் தரையில் வைத்தாள். ஜெராமில் அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்த களைப்பு அவள் முகத்தில் இல்லை.

“பதறாதீங்க அங்கிள். எப்போதிலிருந்து இப்படி?”

“நேத்து ஹார்ட்டிஸ்க் மாத்தினதிலிருந்து. மூணு மணிக்குள்ள சரியாகணும்மா. சுங்கை பஞ்சாங்ல மகனுக்குப் பொண்ணு பார்க்கப் போறோம். நாலரைக்கு ராகு காலம், அதுக்கு முன்னாடி அந்த வீட்டு வாசப்படி ஏறணும். பொண்ணோட படம், பேரு, படிப்பு எல்லாம் இதுக்குள்ள மாட்டிக்கிச்சு.”

“போன்ல இல்லையா?”

“தரகர் பென் டிரைவ்ல கொண்டாந்து இதுல ஏத்திட்டுப் போயிட்டார். வெள்ளிக்கிழமை திறக்கலாம்னா அஷ்டமி. நேத்து நவமி. இன்னிக்கு நல்ல நாள், இது எழுந்திருக்க மாட்டேங்குது!”

“படம் பார்க்காமப் போனா என்ன அங்கிள்?”

“அந்த வீட்டுல மூணு பொண்ணுங்களாம். யாரைப் பார்க்க வந்தோம்னு தெரியாம முழிக்கணும். என் தங்கச்சி கல்யாணத்துல, மாப்பிள்ளைன்னு நெனச்சு மாப்பிள்ளைத் தோழனுக்கு மோதிரம் போட்டவன்மா நான்!”

“அதைக் கழட்டி வாங்க ஒரு மாசம் ஆச்சு” என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார் அவர் மனைவி காளியம்மா.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கணினிப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே எட்டிப் பார்த்தவள் புருவத்தை உயர்த்தினாள்.

“யார் மாத்தினது?”

“மாத்தினதுல தப்பில்லம்மா. வாங்கின சரக்குதான் சரியில்ல” என்றார் தங்கராஜு, சற்று அவசரமாக.

“சரக்கு நல்ல சரக்குதான்பா. கெடுத்தது நான்தான்.”

பின்வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த மகன் யுவனேஸ்வரன், ஈரக் கையோடு கதவருகே வந்து நின்றான். “பழசுல இருந்ததை அப்படியே புதுசுல காப்பி எடுத்தேன். பழசைக் கழட்ட மனசு வரல. ரெண்டையும் உள்ளேயே விட்டுட்டேன்.”

“ஏன் மனசு வரல?”

“காப்பி சரியா ஏறலைன்னா பொண்ணு படம் போயிடுமே.”

“இன்னும் பார்க்காத படத்துக்கா இவ்வளவு பயம்?”

“பார்க்காததாலதான்” என்று சொல்லிவிட்டு, அவன் வெட்கத்தோடு மீனிடமே திரும்பிப் போனான்.

அவள் பெட்டிக்குள் குனிந்தாள். “ஒரே தோட்டத்து லயத்துக்கு, வேலை வாங்குற மண்டோர் ரெண்டு பேர் இருந்தா எப்படி அங்கிள்? காலையில ஒருத்தர் ஆளுங்களை வரிசையில நிக்கச் சொல்றார். இன்னொருத்தர், ‘நிக்கச் சொன்னது யாரு, கலைஞ்சு போ’ங்கறார். நிக்கிறதும் கலையறதுமாப் பொழுது போயிடும், வேலை நடக்காது. இதுவும் அப்படித்தான். பழைய மண்டோரை வீட்டுக்கு அனுப்பினாப் போதும்.”

பழைய வட்டின் இணைப்பை உருவினாள். தன் பென் டிரைவைச் செருகி, விசைப்பலகையில் எதையோ தட்டினாள். திரையில் விழுக்காட்டுக் கணக்கு மெல்ல ஏறத் தொடங்கியது.

“உங்க மகன் தினம் மீன் கழுவுவாரா?”

“கழுவுவான், குழம்பும் வைப்பான்” என்றபடி காளியம்மா ஈரத்துணியோடு கூடத்துக்கு வந்தார். “உப்புதான் மறந்துடுவான்.”

“கோபம் வருமா?”

“உப்பில்லைன்னு சொன்னாக்கூட வராது.”

“வர்ற பொண்ணு வேலைக்குப் போகலாமா ஆன்ட்டி?”

“போகட்டுமே! வீட்டுல இருந்து நாள் பூரா இந்த மனுஷன் பேச்சைக் கேட்கவா?”

தங்கராஜுவுக்குப் பொறுமை போயிற்று. “ஏம்மா, இதெல்லாம் தெரிஞ்சாத்தான் கம்ப்யூட்டர் எழும்புமா?”

“எழும்புற வரைக்கும் வாய் சும்மா இருக்காது லா, அங்கிள்.”

கணக்கு நூறைத் தொட்டது. திரை இருண்டது. காளியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பது. பின்வாசலில் தண்ணீர்ச் சத்தம்கூட நின்றுவிட்டது.

திரை ஒளிர்ந்தது. புள்ளிகள் சுழன்றன. இம்முறை அணையவில்லை.

“எழுந்திருச்சிட்டான்யா!” என்று தங்கராஜு துள்ளினார். “படத்தைத் திறம்மா, சீக்கிரம்! ‘பெண்’ணுன்னு ஒரு ஃபைல் இருக்கும் பாரு.”

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு, விரலால் இரண்டு முறை தட்டினாள்.

படம் திரை முழுவதும் விரிந்தது. தங்கராஜு மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு, திரைக்கு முன்னால் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“இன்னிக்கு எனக்கு லீவுதான் அங்கிள். கடையில உங்க முகவரியைச் சொன்னாங்க, தரகர் சொன்ன வீடுன்னு தெரிஞ்சதும் இந்த வேலையை நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன்” என்று பையை மூடிக்கொண்டு எழுந்தாள் அவள். “நீங்க கொஞ்சம் மெதுவா வாங்க. நான் முன்னால போய்ச் சேலை கட்டணும்.”