தோஹாவுக்குச் சொன்ன பதில்

பேருந்து நின்றது. அவள் கவனிக்கவில்லை.

கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோஹா ஆஸ்பத்திரியிலிருந்து ஹமீது சார் இன்று கூப்பிடுவார். அங்கே இப்போதுதான் அலுவலகம் திறந்திருக்கும்.

சரி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நேற்றே பேசி முடிவாகிவிட்டது. நியூசிலாந்தின் வெலிங்டனில் எக்ஸ்ரே எடுத்து அவள் வாங்கும் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது. குளிர்காலம் முழுக்க ஓர் அறையில் மட்டும்தான் ஹீட்டர். மற்ற அறைச் சுவர்களில் பூஞ்சை. மகள் ஆஷ்லினுக்கு மே மாதக் குளிரில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை.

தோஹாவில் வரி இல்லை. வீடு ஆஸ்பத்திரியே கொடுக்கும்.

அதைவிட, கணவன் செல்வினுக்கு வேலை. நாகர்கோவிலில் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், இங்கே சூப்பர்மார்க்கெட்டில் பால் பாட்டில் அடுக்குகிறான். தோஹாவில் ஒரு பள்ளிக்கூடம் அவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அந்தச் செய்தி வந்த அன்று பழைய முழுக்கைச் சட்டைகளை எடுத்து இஸ்திரி போட்டான்.

"பாக்கணும்னா இறங்கிப் பாத்துட்டு வாங்க. யாரையும் விட்டுட்டுப் போகமாட்டேன்."

மைக்கில் டிரைவரின் குரல். சமோவாக்காரப் பெண். சொல்லிவிட்டு அவளே முதலில் இறங்கினாள்.

எல்லோரும் இறங்கினார்கள். செல்வின் ஆஷ்லினைத் தூக்கிக்கொண்டான். கடற்கரைச் சாலையோரம் நெடுகக் கார்கள் கோணல்மாணலாக நின்றன.

கரைக்குப் பக்கத்தில், கல்லெறி தூரத்தில், கறுப்பாக ஒரு பாறை.

பாறை நகர்ந்தது.

திமிங்கிலம்.

மூச்சு விட்டது. அந்தச் சத்தம் அவள் அடிவயிற்றில் கேட்டது. வெள்ளை ஆவி எழும்பி, சாய்ந்த வெயிலில் கொஞ்சம் நின்று, கரைந்தது.

பக்கத்தில் இன்னொரு முதுகு. சின்னது. அதற்கும் ஒரு மூச்சு, அவசரமாக.

கோட்டு சூட்டு போட்ட ஒருவர் கண்ணைத் துடைக்காமல் அழுதுகொண்டிருந்தார். சாலை போடுகிறவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான்.

மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்று நாள் முழுக்க மற்றவர்களிடம் சொல்கிறவள் அவள். தன் மூச்சு நின்றுபோயிருந்ததே இப்போதுதான் தெரிந்தது.

செல்வின் ஆஷ்லினைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாறைகளில் இறங்கிவிட்டான். அலை அவன் ஷூவை நனைத்தது. ஆஷ்லின் இருமினாள். இருமிக்கொண்டே சிரித்தாள்.

போன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை. நிறுத்தவும் இல்லை.

செல்வின் திரும்பிப் பார்த்தான். யார் என்று கேட்கவில்லை. மேலே ஏறி வந்து ஆஷ்லினை அவளிடம் கொடுத்துவிட்டு, போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், ஒரு நிமிஷம். இதைக் கொஞ்சம் கேளுங்க."

கடலை நோக்கிக் கையை நீட்டினான்.

பெரிய மூச்சு. அதன் பின்னாலேயே சின்னது.

"என்ன தம்பி அது?"

"திமிங்கிலம் சார். குட்டியோட. பஸ்ஸை நிறுத்திட்டு எல்லாரும் பாத்துட்டு நிக்கிறோம்."

ஹமீது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லெட்டர் இன்னைக்கு அனுப்பணும் தம்பி. என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

அவள் செல்வினைப் பார்த்தாள். அவன் சரி என்றால் சரி. அவன் இழந்தது அதிகம்.

செல்வின் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாங்க வரலை சார்."

அவள் அவனுடைய இன்னொரு கையைப் பிடித்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது. அதை விடவில்லை.

ஹமீது போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ அரபியில் அவரைக் கூப்பிட்டார்கள். நாற்காலி நகர்ந்தது. ஒரு கதவு சாத்தப்பட்டது.

"தம்பி..." குரல் தணிந்திருந்தது. "வச்சிராதீங்க. இன்னொரு தடவை கேட்டுக்கறேன்."

செல்வின் மறுபடி கையை நீட்டினான்.

கடல் சும்மா கிடந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள்.