பூங்காவனத்தின் எண்

அந்தக் காபிக் கடையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் நடைபாதைவாசிகள். தெருவில் எத்தனை இரவு படுத்தார்கள் என்பது அவரவர் சட்டையில் எண்ணாக ஒளிரும். பெரிய எண்ணுக்கு முன்னால்தான் வாடிக்கையாளர் வரிசை நீளும். இரக்கப்பட்டுக் குடித்தால் காபி ருசிக்கிறதாம்.

பூங்காவனத்தின் எண் 2,914. வெள்ளிக்கிழமை வியாசர்பாடியில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்து, மகளோடு பால் காய்ச்சினாள். மறுநாள் காலை சட்டையில் பூஜ்யம் ஒளிர்ந்தது.

தினமும் அவளிடமே காபி வாங்கும் அம்மாள், "வீடு கெடச்சிடுச்சா? ரொம்ப சந்தோஷம்மா" என்று வாழ்த்திவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். மதியம்வரை வேறு யாரும் வரவில்லை.

மேலாளர் தணிந்த குரலில், "இந்த வாரம் பாக்கலாம். அப்புறம் உன் எடத்த வேற யாருக்காவது குடுத்துடணும்மா. எவ்ளோ பேர் ரோட்ல கெடக்குறாங்க, பாவம்" என்றார்.

வேலை போனால் வாடகைக்கு எங்கே போவது? அன்றிலிருந்து மகள் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். பூங்காவனம் அதே வாசலுக்கு வெளியே தெருவில் படுக்கிறாள். முதல் இரவிலேயே பழைய எண் திரும்பிவிட்டது.

இன்று 2,931. வரிசை கடை வாசலைத் தாண்டி நின்றது. முதல் ஆளாக அந்த அம்மாள்.

"மறுபடியும் ரோட்டுக்கே வந்துட்டியா? அடப்பாவமே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு காபி கேட்டாள்.