அதிராத பட்டை

கவனம் சிதறினால் பள்ளியில் கொடுத்து மணிக்கட்டில் கட்டச் சொன்ன மின்னணுப் பட்டை அதிரும். உடனே பிள்ளைகள் ‘சாரி’ சொல்ல வேண்டும். ஷெரினுக்கு அது ஓயாமல் அதிர்ந்தது. “ஆடாம இருடி!” என்று அம்மா லீமாவும் திட்டித் தீர்த்தாள்.

தோசை தோசையாகத் தின்கிற பிள்ளைக்குப் பட்டை தளர்ந்துகொண்டே போனது. ஒருநாள் இறுக்கிக் கட்டும்போதுதான் லீமா அந்த விரல்களின் நடுக்கத்தைப் பார்த்தாள். கழுத்தும் லேசாகப் புடைத்திருந்தது.

“சேட்டை இல்லம்மா, தைராய்டு அதிகமா சுரக்குது,” என்றார் டாக்டர்.

மாத்திரையில் சில மாதங்களில் நடுக்கம் நின்றது, பட்டையும் அடங்கியது.

இன்று லீமா தலை பின்னிக்கொண்டிருக்கையில் ஜன்னலில் ஓர் அணில் ஓடியது. ஷெரின் சட்டென்று திரும்பினாள். பட்டை அதிரவில்லை.

ஆனாலும், “சாரிம்மா,” என்றாள்.

“எங்கடி? எனக்கும் காட்டு,” என்று லீமா பின்னலைப் பாதியில் விட்டாள்.