பல்லி சொல்லிடுச்சு

ஊர் முனையில், போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை வெட்டிய பழைய கல்தூண் நின்றது. அதில் 'பழனியாண்டி' என்ற பெயரின் 'ழ' பள்ளத்துக்குள் ஒரு குட்டிப் பல்லி குடியிருந்தது.

"கலவை குழைக்கிறாங்க. என்மேல டைல்ஸ் ஒட்டப் போறாங்களாம்," என்று தூண் நடுங்கியது. "பேரெல்லாம் உள்ளே போயிடுமே! நீ ஏதாவது சொல்லேன். மனுஷங்க உன் வாய்க்குத்தான் பயப்படுவாங்க."

"பயப்படுவாங்கதான்... ஆனா..." என்று பல்லி இழுத்தது.

கொத்தனார் கரணையில் கலவையை அள்ளினார். "டைல்ஸ் போட்டா தூணு சும்மா ஜொலிக்கும்," என்றார் சித்தாளிடம்.

பல்லி பதறிப்போய், "வேண்டாம், வேண்டாம்!" என்று கத்தியது.

கொத்தனார் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கேட்டியாம்மா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று சிரித்தபடி, முதல் கலவையை 'ழ' மேல் அப்பினார்.