சுவருக்கு இந்தப் பக்கம்

"ஐயா, இந்தத் தடவையாவது மனசு இரங்குங்க. என் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்து மூணு வருஷம் ஆச்சு."

தையல்காரர் கைகட்டி நின்றார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பரிசோதகர் பதிவேட்டைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நான் இரங்கி என்னய்யா பண்றது? சட்டம் இரங்கணுமே."

சட்டம் சுருக்கமானது. மந்திரம் கைவந்தவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம், மற்றவர்கள் இந்தப் பக்கம். போனவர் திரும்ப முடியாது, போய்ப் பார்க்கவும் முடியாது. தையல்காரர் வந்திருந்தது மனைவியை வெளியே விடச் சொல்லி அல்ல. தன்னையும் உள்ளே போடச் சொல்லி.

அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பறக்கும். எல்லா வீட்டிலும்தான் பறக்கிறது. இங்கே கை படாமலே பறக்கும். ஒரு நாள் மணிக்கூண்டு மணியே பறந்துபோய் வாத்தியார் காலை ஒடித்தது. அவளை அடைத்தது நியாயம்தான் என்று தையல்காரரே அப்போது தலையாட்டினார்.

ஆபத்தானவர்களை அடைத்து முடித்த பிறகும் ஊருக்குக் கை சும்மா இருக்கவில்லை. தொட்ட நாற்காலி துளிர்விடுகிறது என்று தச்சரை அனுப்பினார்கள். கனவில் கண்ட மழை மறுநாள் பெய்கிறது என்று சலவைக்காரியை அனுப்பினார்கள். அந்த மழையால் நஷ்டப்பட்டவள் அவள் ஒருத்திதான். பாடம் நடத்தினால் தெருவே தூங்கிவிடுகிறது என்று கால் ஒடிந்த வாத்தியாரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதெல்லாம் ஒரு மந்திரமா என்று யாரும் கேட்கவில்லை.

பரிசோதகர் நேர்மையான மனிதர். தாய், தம்பி, மகள் மூன்று பேரையும் தானே சோதித்து, தானே கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பியவர்.

இப்போது தெருவில் பூட்டுத் தொங்காத வீடு இரண்டே இரண்டு. தைத்துக் கொடுக்க ஆளில்லாமல் தையல்காரர் தன் சட்டைக்கே இரண்டு வரிசை பொத்தான் வைத்திருந்தார். சாயங்காலமானால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அதில் ஒரு சிரிப்பை அவருக்கு நன்றாகத் தெரியும். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு தட்டை எடுத்து வீசிப் பார்ப்பார். விழுந்து நெளியும். ஏன் போட்டாய் என்று கேட்க ஆளிருக்காது.

"சரி, ஆரம்பி" என்று மெழுகுவர்த்தியை எடுத்து மேஜையில் நட்டார் பரிசோதகர்.

வியாழக்கிழமைதோறும் இதேதான். தீக்குச்சி இல்லாமல், பார்வையாலேயே ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் உள்ளே. சட்டத்தில் சோதனைகள் ஏழு உண்டு. எதை வைப்பது என்பது பரிசோதகர் இஷ்டம். அவர் மெழுகுவர்த்தியை விட்டு மாறியதே இல்லை. வழக்கம்போல் டீ கெட்டிலையும் கொண்டுவந்து அதன் பின்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

தையல்காரர் முறைத்தார். நெற்றி நரம்பு புடைத்தது. மெழுகுவர்த்தியோ, மாமியார் வீட்டில் தங்கிவிட்ட மாப்பிள்ளை மாதிரி அலுங்காமல் இருந்தது.

"முடியலைங்க."

"அட, இன்னும் ரெண்டு நிமிஷம் பாருய்யா. அவசரப்பட்டா ஆகுமா?"

இரண்டு நிமிஷம் பார்த்தார். திரியில் ஒரு புகைகூட இல்லை. பரிசோதகர் பதிவேட்டில் 'சாதாரண ஆள்' என்று எழுதி முத்திரை குத்தினார். நூற்றுப் பதினோராவது முத்திரை.

"விடு, அடுத்த வாரம் பார்த்துக்கலாம். டீ குடி." இரண்டு டம்ளரில் ஊற்றினார். தையல்காரர் அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"உங்க டீ மட்டும் எப்பவும் கொதிக்கக் கொதிக்க இருக்குங்க."

"கைப்பக்குவம்."

தையல்காரர் டம்ளரை ஊதி ஊதிக் குடித்தார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? அவங்களை எதுக்கு அடைச்சோம்?"

"ஜனங்களைக் காப்பாத்த."

"எந்த ஜனங்களைங்க?"

பரிசோதகர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். காப்பாற்றுவதற்கு ஒரு நாய்கூட இல்லை.

டம்ளர் காலியானால் பரிசோதகரே எழுந்துபோய்க் கழுவுவார். 'நீ விருந்தாளி, உட்காரு' என்பார். இன்று அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அவர் மேஜையைப் பிடித்து எழுவதற்குள் தையல்காரர் இரண்டு டம்ளரையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

"யோவ்! அங்கேயே வெச்சிடு! நான் கழுவிக்கிறேன்!"

சமையலறையில் இருந்தது ஒரே ஓர் அடுப்பு. அதன் வாயை முழுக்க அடைத்துச் சிலந்தி வலை கட்டியிருந்தது. பிள்ளை குட்டிகளோடு, மூன்று தலைமுறையாக அங்கேயே குடியிருக்கும் தோரணையில் சிலந்தி நடுவே உட்கார்ந்திருந்தது.

தையல்காரர் டம்ளர்களைக் கழுவாமல் திரும்பி வந்தார். கெட்டிலைத் தொட்டார், விரல் சுட்டது. ஏற்றாத மெழுகுவர்த்தியைப் பார்த்தார். அதன் பின்னால் கெட்டில் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"நீங்க அடுப்பு பத்தவெச்சு எத்தனை நாள் ஆச்சுங்க?"

பரிசோதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு வருஷம் இருக்கும்."

"அப்போ இவ்வளவு நாளா தண்ணியைக் கொதிக்க வெச்சது... என் பார்வைங்களா?"

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

"ஏன்யா மறைச்சீங்க?" என்றார் தையல்காரர். "பெத்த தாயையே கையெழுத்துப் போட்டு அனுப்பின மனுஷனாச்சே நீங்க!"

"அப்போ நீ இருந்தே" என்றார் பரிசோதகர். "நீயும் போயிட்டா, நான் யார்கூடய்யா டீ குடிக்கிறது?"